இரண்டு நாடாக்கள்

வெண்ணந்தூரில் ஒரு சிறுவனை அழைத்து, "தம்பி, உள்ளே போய் நாடாவை எடுத்து வா" என்று சொன்னால், அவன் எதைக் கொண்டுவருவான் என்பது அவன் பிறந்த வீட்டைப் பொறுத்தது. தறி போட்ட வீட்டுப் பிள்ளையாயின், இரு முனையும் கூர்த்து, நடுவே குடைந்து, ஊடை நூல் சுற்றிய தாரை வயிற்றில் தாங்கிய மரநாடாவை எடுத்து வருவான். ஏனை வீட்டுப் பிள்ளையாயின், பாவாடைக்குக் கோக்கும் பட்டைக் கயிற்றை எடுத்து வருவான். முன்னது பாவின் ஊடே ஓடிச் சேலையை உண்டாக்குவது. பின்னது நீண்டு சுருண்டு கிடப்பது. பெயர் ஒன்றாயினும் தொழில் வேறு. கணிப்பொறிகள் தம் நினைவை எழுதிவைக்கும் காந்த நாடா பின்னதன் இனத்தைச் சேர்ந்தது.

அந்தக் காந்த நாடாவை யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தோடு எவ்வாறு இணைத்தார்கள், அதற்கு என்ன பெயரிட்டு அழைத்தார்கள், அப்பெயரில் ஓர் எழுத்துக் குறைந்தபோது என்ன நேர்ந்தது என்பவற்றைச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம். நெசவூர்க்காரன் இதனைப் பேசுவது எதற்கு என்று நேயர்கள் ஐயுற வேண்டியதில்லை. நாடாவில் செய்தியை எழுதும் வழக்கம் தறிமேடையில் பிறந்ததேயாகும்.

பிரான்சு நாட்டில் பட்டு நெசவுக்குப் பெயர்போன லியோன் நகரில் பசீல் பூஷோன் என்பார் 1725ஆம் ஆண்டில், துளையிட்ட காகிதச் சுருள் ஒன்றைத் தறியோடு பொருத்தினார். எந்தப் பாவு இழை மேலே எழவேண்டும், எது தாழ்ந்து நிற்கவேண்டும் என்பதை அத்துளைகள் தெரிவித்தன. மூன்று ஆண்டுகளில் ஃபால்கோன் என்பவர் அச்சுருளைக் கைவிட்டு, தனித்தனி அட்டைகளைக் கோத்துச் சங்கிலியாக்கினார். 1804இல் ஜக்கார்டு அதனைச் செம்மைப்படுத்தினார். நம் பக்கத்துத் தறிகளின் மேல் அமர்ந்துள்ள பெட்டிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. ஒரு பூ வேண்டுமானால் அதற்குரிய அட்டைகளைக் குத்திக் கோக்க வேண்டும் என்பது நெசவாளர் அறிந்ததே. தந்தி நிலையங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் துளையிட்ட காகித நாடாவை மேற்கொண்டன. தந்தியிலிருந்து அது கணிப்பொறிக்கு வந்தது.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் 1969இல் யுனிக்ஸைத் தொடங்கியபோது, அதன் முதற்பகுதிகளை வேறொரு பெரும்பொறியில் ஆக்கி, துளைநாடாவில் குத்தியெடுத்து, பி.டி.பி.-7 என்னும் சிறுபொறிக்குக் கையிலே சுமந்து சென்றார்கள். தன் கால்களில் நிற்கும் வலிமை பெறும்வரை யுனிக்ஸ் குழந்தை நாடாவிலேதான் சுமக்கப்பட்டது.

காந்த நாடாவின் கதை வேறு தெருவில் தொடங்குகிறது. டென்மார்க்கு நாட்டவரான வால்டெமார் பௌல்சன் 1898இல் எஃகுக் கம்பியில் ஒலியைப் பதித்துக் காட்டினார். ஜெர்மனியின் ஃப்ரிட்ஸ் ஃப்ளாய்மர் 1928இல் காகிதப் பட்டையில் இரும்புத் துகளைப் பூசி அதில் ஒலியை ஏற்றினார். 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஒலிநாடாப் பொறி பொதுமக்கள் முன் வந்தது. ஆகவே வானொலிக்காரர்களே இதன் மூத்த உறவினர்கள். 1951இல் யுனிவாக் கணிப்பொறி உலோக நாடாவில் எண்களைப் பதித்தது. மறு ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அரை அங்குல அகலமுள்ள பிளாஸ்டிக் நாடாவைக் கொண்டுவந்தது. ஓர் அங்குல நீளத்தில் 100 எழுத்துகள். நொடிக்கு 75 அங்குல ஓட்டம். அஃதாவது நொடிக்கு 7,500 எழுத்துகள்.

இந்த வேகத்தில் ஒரு துன்பம் இருந்தது. நாடா கணப்பொழுதில் ஓடத் தொடங்கவும் கணப்பொழுதில் நிற்கவும் வேண்டும். கனத்த சக்கரங்களோ அவ்வளவு விரைவில் அசைய மாட்டா; வலிந்து இழுத்தால் நாடா அறுந்துபோகும். பொறியாளர்கள் இருபுறமும் இரண்டு நெடிய குழிகள் அமைத்து, அவற்றிலிருந்து காற்றை உறிஞ்சினார்கள். நாடா அக்குழிகளில் தளர்ந்த வளையமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். நடுவில் உள்ள சிறு உருளை அத்தளர்ச்சியிலிருந்து வேண்டிய நீளத்தை வெடுக்கென்று எடுத்துக்கொள்ள, பெருஞ்சக்கரங்கள் பின்னர் மெல்லச் சுழன்று குறையை நிரப்பும். பாவு இறுகினால் இழை அறும், தளர்ந்தால் துணி கெடும் என்னும் தறிக்காரர் கவலையை அவர்கள் வேறு வகையில் தீர்த்துக்கொண்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி யுனிக்ஸுக்கு வருவோம். இயங்குதளம் என்பது பொறியின் உறுப்புகளையும் அதில் வேலை செய்வோரையும் இடைநின்று இணைக்கும் ஆட்சியாளன். யுனிக்ஸின் ஆட்சியில் ஒரு துணிவான கொள்கை உண்டு: எழுதும் ஏடாயினும், அச்சுப்பொறியாயினும், நாடாப் பொறியாயினும், எல்லாவற்றுக்கும் கோப்பைப் போலவே ஒரு பெயர், அந்தப் பெயரில் எழுதினால் அந்தக் கருவியில் எழுதியதாகும். கருவிகளின் பெயர்கள் யாவும் 'டெவ்' என்னும் அடைவில் வரிசையாகக் கிடக்கும். வருகைப் பதிவேட்டில் மாணவனுக்கும் பெயர் உண்டு, பெஞ்சுக்கும் பெயர் உண்டு என்பது போன்றது இது.

பெயர் என்பது நமக்காக. பொறி அறிவது இரண்டு எண்களை மட்டுமே. பெரிய எண், இது எவ்வகைக் கருவி, இதனை ஆளும் செய்நிரல் எது என்று சொல்லும். சிறிய எண், அவ்வகையில் இது எத்தனையாவது, எவ்வாறு நடத்தப்பட வேண்டியது என்று சொல்லும். பழைய நாளில் நாடாப் பொறி ஒன்றைப் புதிதாக வாங்கியவர், முதலில் அதன் பின்புறத்துச் சிறு ஊசிகளைச் செருகி அதற்கு ஒரு முகவரி தரவேண்டும். ஸ்கஸி என்னும் இணைப்பு முறையில் 0 முதல் 7 வரை எட்டு முகவரிகளே இருந்தன. அவற்றுள்ளும் ஒன்று இணைப்பு அட்டைக்கே போய்விடும். இருவருக்கு ஒரே முகவரி வாய்த்தால் இருவருமே செவிடராவர். வடத்தின் இரு முனைகளிலும் முடிப்பான் பொருத்த வேண்டும். மறந்தால் செய்தி முனையில் மோதித் திரும்பிக் குழப்பம் விளைக்கும். பிறகு உட்கருவில் அந்தக் கருவிக்குரிய செய்நிரல் உண்டா என்று பார்த்து, இல்லையெனில் உட்கருவையே மீண்டும் கட்டிப் பொறியை எழுப்ப வேண்டும். இவ்வளவும் முடிந்தபின்தான் பெயர் சூட்டு விழா.

நாடாப் பொறிக்கு மட்டும் பெயர் ஒன்றாக இராது, இரண்டாக இருக்கும். 1991இல் யுனிக்ஸ் மரபில் தோன்றிய லினக்ஸில் 'எஸ்.டி.0' என்பது ஒரு பெயர், 'என்.எஸ்.டி.0' என்பது மற்றொன்று. பெரிய எண் இரண்டுக்கும் 9. சிறிய எண் முன்னதற்கு 0, பின்னதற்கு 128. இரும எண்ணில் எழுதிப் பார்த்தால் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு பிட் ஆகும். கருவி ஒன்றே, வடமும் ஒன்றே, நாடாவும் ஒன்றே. முதற்பெயரால் அழைத்தால், வேலை முடிந்தவுடன் பொறி நாடாவைத் தொடக்கம் வரை திரும்பச் சுற்றிவிடும். இரண்டாம் பெயரால் அழைத்தால், முடித்த இடத்திலேயே நிற்கும். முன்னிற்கும் 'என்' என்னும் எழுத்து எதிர்மறையைக் குறிப்பது. 'உண்பான்' என்பதற்கும் 'உண்ணான்' என்பதற்கும் உள்ள தொலைவை இலக்கணம் பயின்றார் அறிவர். அத்தொலைவு இங்கே ஒரு பிட்டில் அடங்கிவிட்டது.

நம் நாட்டில் பெரும்பொறிகள் முன்னரே இருந்தன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370 வகைப் பொறி 1973இல் நிறுவப்பட்டது. ஆனால் அது யுனிக்ஸ் மரபினது அன்று. யுனிக்ஸ் நம்மவர் அலுவலகங்களுக்குள் பரவலாக நுழைந்தது 1980களில். வங்கிப் பணிகளைக் கணிப்பொறிக்கு மாற்றுவது குறித்து சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் அறிக்கை தந்தபின், வங்கிகளின் மேல் அலுவலகங்களில் யுனிக்ஸ் இயங்கும் பொறிகள் இடம்பெறலாயின. அவற்றோடு நாடாவும் வந்தது. பெருஞ்சக்கர நாடா அன்று. உள்ளங்கையில் அடங்கும் பேழைக்குள் கால் அங்குல அகல நாடா. மாலையில் கணக்கு முடிந்ததும் நாடாவைச் செருகிக் காப்புப்படி எடுத்து, இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது வழக்கமாயிற்று.

நம் வட்டாரத்துப் பிள்ளை ஒருவர், பெயர் சொல்லவேண்டாத ஒரு நிறுவனத்தில் கணிப்பொறிப் பிரிவுக்குப் புதிதாகச் சேர்ந்தார். அங்கே ஒவ்வோர் இரவும் மூன்று தொகுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நாடாவில் எழுதுமாறு முன்னிருந்தவர்கள் கட்டளை நிரல் எழுதிவைத்திருந்தார்கள். முதலில் பேரேடு, அடுத்து உறுப்பினர் பட்டியல், கடைசியில் சம்பளக் கணக்கு. மூன்றையும் எழுதியது திரும்பச் சுற்றும் பெயரால். பேரேட்டை எழுதி முடித்ததும் நாடா தொடக்கத்துக்கு ஓடியது. பட்டியல் பேரேட்டின் மேல் எழுந்தது. மீண்டும் நாடா தொடக்கத்துக்கு ஓடியது. சம்பளக் கணக்கு பட்டியலின் மேல் அமர்ந்தது. ஒவ்வொரு முறையும் பொறி, வேலை செவ்வனே முடிந்தது என்றே அறிவித்தது. அது பொய்யும் அன்று. சொன்ன இடத்தில் சொன்னதை எழுதியிருந்தது. வட்டு பழுதாகிய ஒரு நாளில் இரும்புப் பெட்டியைத் திறந்தார்கள். வரிசையாக அடுக்கிய நாடாக்கள் அத்தனையிலும் சம்பளக் கணக்கு மட்டுமே இருந்தது. காகிதப் பேரேடுகளை அவ்வலுவலகம் அப்போது இன்னும் கைவிடவில்லை. எழுத்தர் பலர் பல இரவுகள் விழித்து, அவற்றைப் பார்த்து எல்லாவற்றையும் மீண்டும் பொறிக்குள் ஏற்றினார்கள். இளைஞர் செய்த திருத்தம் அப்பெயரின் முன்னே ஓரெழுத்தைச் சேர்த்ததும், வாரம் ஒருமுறை நாடாவிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தியதும் ஆகும். பின்னதையே நான் பெரிதாக மதிக்கிறேன். பாடத்தை ஒப்புவிக்கச் சொல்லாமல், படித்துவிட்டேன் என்னும் பிள்ளையின் சொல்லை நம்பும் ஆசிரியர் எவரும் உண்டோ?

நாடாவின் இயல்பை அறிந்தால் இந்நிகழ்ச்சி வியப்பாகாது. வட்டில் எங்கு வேண்டுமானாலும் பாய்ந்து எழுதலாம்; நாடாவில் முன்னதைக் கடந்தே பின்னதை அடையவேண்டும். ஒரு தொகுப்பு முடிந்த இடத்தில் பொறி ஒரு முடிவுக்குறியை இடும். மூன்றாவது தொகுப்பு வேண்டுமானால், 'எம்.டி.' என்னும் கட்டளையால் இரண்டு குறிகளைத் தாண்டச் சொல்லவேண்டும். இடையில் எங்கேனும் புதிதாக எழுதினால், அதற்கு அப்பால் இருந்தவை இருந்தும் இல்லாதவையாகும். பழைய சக்கர நாடாவில் இதற்கு ஓர் எளிய காவல் இருந்தது: சக்கரத்தின் பின்புறக் குழியில் ஒரு பிளாஸ்டிக் வளையம் செருகியிருந்தால்தான் எழுத இயலும். வளையத்தைக் கழற்றிவிட்டால் எந்தக் கட்டளையும் அதனை அழிக்காது.

நாடாவில் எழுதும் கோப்புகளைக் கட்டித்தரும் செய்நிரல், 1979இல் வெளிவந்த யுனிக்ஸின் ஏழாம் பதிப்பில் இடம்பெற்றது. நாடாக் காப்பகம் என்று பொருள்படும் இரு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி அதற்கு 'டார்' என்று பெயரிட்டார்கள். எங்கள் ஊரார் இதனைக் கேட்டால் நகைப்பார்கள். நாடாவுக்குள் தார் இருப்பதுதானே முறை?

இந்த டார் கோப்புகளைத் தொகுதி தொகுதியாகக் கட்டும். தொகுதி எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பது சிறு கேள்வியாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும். 1980களில் வழங்கிய ஒரு சக்கர நாடாவின் நீளம் 2,400 அடி. அதாவது 28,800 அங்குலம். ஓர் அங்குலத்தில் 1,600 எழுத்துகள். ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவே, நாடா நின்று புறப்படுவதற்காக 0.6 அங்குலம் வெற்றிடம் விடப்படும். தொகுதி ஒன்றுக்கு 512 எழுத்துகள் என்று வைத்தால், எழுத்துக்கு 0.32 அங்குலம், வெற்றிடத்துக்கு 0.6 அங்குலம். முழு நாடாவிலும் 1 கோடியே 60 லட்சம் எழுத்துகளே அடங்கும். தொகுதி ஒன்றுக்கு 10,240 எழுத்துகள் என்று வைத்தாலோ, எழுத்துக்கு 6.4 அங்குலம், வெற்றிடம் அதே 0.6 அங்குலம். அதே நாடாவில் 4 கோடியே 21 லட்சம் எழுத்துகள் அடங்கிவிடும். ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். ஆனால் இதனைப் போடாமல் இரண்டு மடங்குக்கு மேல் நாடா வாங்கியவர் உண்டு.

எழுதியவன் வைத்த அளவைப் படிப்பவனும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும். பெரிய தொகுதியாக எழுதிய நாடாவைச் சிறிய அளவு சொல்லிப் படிக்க முயன்றால், லினக்ஸ் பொறி, நினைவிடம் போதவில்லை என்று விடை கூறும். கேட்டவர் பொறியில் நினைவிடம் குறைவோ என்று கடைக்கு ஓடுவார். குறை நினைவிடத்தில் இல்லை. வேகமும் அப்படித்தான்: வட்டிலிருந்து செய்தி போதிய விரைவில் வாராவிடில், ஓடுகின்ற நாடா நின்று, பின்னே சென்று, மறுபடி முன்னே வரும். தறியின் நாடா போய்வருவதால் துணி வளரும். இந்த நாடா போய்வந்தால் தேயும்.

அறியாமையால் அழிந்தவை இவை. அறிந்தே அழிக்கப்பட்டவையும் உண்டு. நாடா விலை மிகுந்த பொருள். மறுபடி எழுதலாம் என்பதே அதன் பெருமை. பி.பி.சி. நிறுவனம் 1960களிலும் 70களிலும் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பலவற்றை அழித்து, நாடாவை மீண்டும் பயன்படுத்தியது. 1969 ஜூலையில் நிலவில் மனிதன் இறங்கியபோது வந்த படச் செய்தியின் மூலப் பதிவு நாடாக்களைத் தேடிய அமெரிக்க விண்வெளி நிறுவனம், அவை அழிக்கப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009இல் அறிவித்தது. ஒளிபரப்பான படத்தின் பதிவுகள் இருந்தமையால் உலகம் ஒருவாறு ஆறுதல் அடைந்தது. நம் நாட்டுச் செய்தி வேறு என்று நினைக்க வேண்டா. வானொலிக் கூடங்களில் நெடுங்காலம் பணியாற்றிய எவரையும் கேட்டுப் பாருங்கள்.

நாடாவின் காலம் முடிந்துவிட்டது என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. 2011 பிப்ரவரியில் கூகுள் நிறுவனத்தின் மென்பொருட் பிழையால் மின்னஞ்சல் பயன்படுத்துவோர் சிலரின் கடிதங்கள் மறைந்தன. பல ஊர்களில் படிகளை வைத்திருந்த அந்நிறுவனத்தின் வட்டுகளிலெல்லாம் அப்பிழை பரவிவிட்டது. கம்பியோடு தொடர்பின்றித் தனியே கிடந்த நாடாவிலிருந்துதான் கடிதங்கள் மீண்டன. எல்.டி.ஓ. என்னும் நாடாப் பேழை 2000இல் வந்தபோது 100 கிகாபைட் கொண்டது. 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18,000 கிகாபைட் கொள்கிறது. அதனை லினக்ஸில் பொருத்துவோரும் அந்த இரண்டு பெயர்களில் ஒன்றைத்தான் இன்றும் தேர்ந்துகொள்கிறார்கள்.

யுனிக்ஸின் நாலாம் பதிப்பு 1973இல் வந்தது. உட்கருவை சி என்னும் மொழியில் எழுதிய முதற்பதிப்பு அதுவே. அக்காலத்தில் பெல் ஆய்வுக்கூடத்தை உடைமையாகக் கொண்ட தொலைபேசி நிறுவனம், 1956ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் வேறு வாணிகம் செய்ய இயலாதிருந்தது. ஆதலால் பல்கலைக்கழகங்களுக்குச் சிறு கட்டணத்தில் யுனிக்ஸ் நாடாவில் சென்றது. சென்ற நாடாக்கள் பழுதுற்றும் அழிந்தும் போக, நாலாம் பதிப்பின் முழுப் படி உலகில் எங்கும் இல்லை என்றே எண்ணியிருந்தார்கள். 2025ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பண்டங்கள் அடைந்து கிடந்த அறை ஒன்றைத் துப்புரவு செய்தவர்கள் கையில் ஒரு சக்கர நாடா அகப்பட்டது. அதனைக் கலிபோர்னியாவிலுள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொண்டு சென்றார்கள்.

அங்குள்ளோர் அதனைச் சாதாரணப் பொறியில் மாட்டி ஓட்டவில்லை. காந்தத் தலையின்கீழ் நாடா ஒரு முறை ஓடும்போது எழும் மின்அலைகளை அப்படியே பதிந்துகொண்டு, எது ஒன்று, எது சுழி என்பதைப் பின்னர் நிதானமாக மென்பொருளால் கணித்தார்கள். 2025 டிசம்பரில் எழுத்துகள் வெளிவந்தன. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய யுனிக்ஸ், பழைய பொறியைப் போல நடிக்கும் புதிய பொறியில் எழுந்து இயங்கிற்று. அந்நாடாவின் மேல் ஒட்டியிருந்த சீட்டில், இது பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த யுனிக்ஸின் மூலம், நாலாம் பதிப்பு என்று யாரோ ஒருவர் கையால் எழுதி, எழுதப்பட்டுள்ள முறைக்குக் கையேட்டைப் பார்க்கவும் என்று பக்கத்தில் குறித்திருந்தார்.